பிளாஸ்டிக் கெடாமல் பழைய கார் பெயின்ட்டை எடுப்பது: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

தகரத்தில் பெயின்ட் எடுப்பவருக்குக் கேள்வி ஒன்றுதான்: இந்த மருந்துக்கு இந்தப் பெயின்ட் இளகுமா? அடியில் இருக்கும் தகரத்தைப் பற்றிக் கவலை இல்லை. பிளாஸ்டிக்கில் அப்படி இல்லை. பெயின்ட்டில் இருக்கும் பிசினும் பம்பரும் தூரத்துச் சொந்தம். ஒன்றைக் கரைப்பது மற்றொன்றையும் பதம் பார்க்கும். அதனால் மருந்தை முடிவு செய்ய வேண்டியது மேலே உள்ள பெயின்ட் அல்ல, அடியில் உள்ள பிளாஸ்டிக். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் வருபவை.

இன்னொன்று, எடுக்கவே தேவையில்லாத பெயின்ட்டை எடுத்துத்தான் பல பாகங்கள் வீணாகின்றன. பழைய பூச்சு இறுகப் பிடித்திருக்கிறது, வெடிப்பு இல்லை, ஓரங்களில் உரியவில்லை என்றால் 400 அல்லது 500 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். தொழிற்சாலையில் பிடித்த பிரைமரைவிட நல்ல அடித்தளம் பட்டறையில் கிடைக்காது. மூன்று நிலைமைகளில்தான் முழுதாக எடுக்க வேண்டும்: பூச்சு உரிகிறது, பல தடவை மேலே மேலே அடித்துத் தடிமன் ஏறி, வளைந்தால் வெடிக்கிறது, அல்லது அடியில் ஸ்பிரே கேன் லேக்கர் (தின்னரில் கரையும் பெயின்ட்) இருந்து, புதுப் பெயின்ட்டின் தின்னர் பட்டதும் சுருங்குகிறது. பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டிகளில் தடிமன் இன்னும் முக்கியம். அந்த இடத்தில் பூச்சு கூடினால் ரேடார் சரியாகப் பார்க்காது. பல தயாரிப்பாளர்கள் அங்கே பட்டியோ கூடுதல் கோட்டோ கூடாது என்றே சொல்கிறார்கள். தடிமனை அளக்க நினைப்பவர்களுக்கு: தகரத்துக்கான காந்த மீட்டர் பிளாஸ்டிக்கில் ஒன்றும் காட்டாது, அல்ட்ராசோனிக் மீட்டர்தான் வேண்டும்.

முதலில்: இது என்ன பிளாஸ்டிக், மேலே என்ன பெயின்ட்

பாகத்தைக் கழற்றித் திருப்புங்கள். உட்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிபி, அதோடு ஈபிடிஎம், டிடி20 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், ரப்பர், 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. இன்றைய பம்பர்களில் பெரும்பாலானவை இதுதான். ஏபிஎஸ் எனும் பிளாஸ்டிக் கிரில்லிலும் மிரர் கவரிலும் வரும். பிசி என்றால் பாலிகார்பனேட், அதாவது ஹெட்லைட்டின் முகப்பு; பிசியும் ஏபிஎஸ்ஸும் கலந்தும் வரும். பின்விளக்குகளில் பிஎம்எம்ஏ எனும் அக்ரிலிக். பிஏ என்றால் நைலான். பழைய பம்பர்களில் பியுஆர், அதாவது பாலியூரத்தேன், இருக்கலாம்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் இரண்டு சோதனைகள். பெயின்ட் படாத உட்பக்கத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சியைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். பஞ்சு ஒட்டி இழுத்து, பிளாஸ்டிக்கின் நிறம் பஞ்சில் ஏறினால் ஏபிஎஸ் வகை. வெளிறி மங்கினால் பாலிகார்பனேட் என்று சந்தேகப்படுங்கள். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பிபி அல்லது நைலான். அடுத்து, மறைவான ஓரத்தில் ஒரு சிறு சீவலை எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். சோப்பு எதற்கென்றால், அது இல்லாமல் எந்தச் சீவலும் கொஞ்ச நேரம் மிதக்கும், ஏமாந்துவிடுவோம். மிதந்தால் பிபி குடும்பம். மூழ்கினால் பிபி இல்லை என்று சொல்ல முடியாது. 20 சதவீதம் டால்க் கலந்த பிபியும் மூழ்கும். நெருப்பில் காட்டி வாசனை பார்க்கும் பழைய முறை வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல.

பெயின்ட்டைச் சோதிப்பது எளிது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு, கையகல இடத்துக்குள் ஒரு சிறு புள்ளியில் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் கரையும் லேக்கர். பெரும்பாலும் ஸ்பிரே கேன் வேலை. நிறம் ஏறாமல் பளபளப்பு மட்டும் லேசாக மங்கினால் ஹார்ட்னர் கலந்து அடித்த டூகே. இந்த இரண்டுக்கும் வழி வேறு வேறு.

பெயின்ட் ஒரு பக்கம் தாள் தாளாக உரிகிறது, இன்னொரு பக்கம் அசையவே இல்லை

பிபி பம்பரில் இது வழக்கம். அடியில் அட்ஹீஷன் புரமோட்டர் (பெயின்ட்டைப் பிளாஸ்டிக்கில் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சு) போடாமல் அடித்த இடம் உரியும். பழைய தொழிற்சாலைப் பூச்சு மிச்சமிருந்த இடம் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து தேவையில்லை. உரிகிற பெயின்ட் கொடுப்பினை. அதைக் கெடுக்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வெந்நீரை (60 டிகிரி போதும், கொதிநீர் வேண்டாம்) ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். பெயின்ட் இளகி வளையும், பிளாஸ்டிக்கும் கொஞ்சம் விரியும். இரண்டும் ஒரே அளவில் விரியாததால் பிடிப்பு தளரும். உரிந்த ஓரத்தில் பிளாஸ்டிக் பிளேடை நுழைத்து, தட்டையாகப் படுக்க வைத்து முன்னே தள்ளுங்கள். இரும்பு பிளேடு என்றால் நான்கு மூலைகளையும் எமரியில் உரசி மழுக்கிய பிறகே தொட வேண்டும். கோடு விழுவது பிளேடின் விளிம்பால் அல்ல, மூலையால்.

பிரஷர் வாஷரும் நல்ல ஆயுதம்தான், விசிறி போலப் பரவும் 25 டிகிரி நாசிலோடு, முப்பது சென்டிமீட்டர் தள்ளி, உரிந்த ஓரத்துக்கு அடியில் தண்ணீர் புகும்படி சாய்த்து. ஒற்றைக் கோடாகப் பாயும் நாசில் பிளாஸ்டிக்கையே உழுதுவிடும். பார்க்கிங் சென்சார்களை முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

உரிவது நின்ற இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் பகுதியைச் சுரண்டி எடுப்பது வீண் வேலை. அதன் ஓரத்தை 240, பிறகு 320 நம்பரால் படி தெரியாமல் சரித்தால் போதும். கண்ணை மூடி விரலால் தடவினால் மேடு தட்டக்கூடாது. சரித்த ஓரத்தில் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அந்தப் பகுதியும் நம்பத்தக்கதல்ல, இன்னும் பின்னே போக வேண்டும்.

மருந்து போட்டு மணிக்கணக்காயிற்று, பெயின்ட் அப்படியே இருக்கிறது

மேலே இருப்பது டூகே. ஹார்ட்னரோடு வினை முடிந்து வலைபோலப் பின்னிக்கொண்ட பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ பிரேக் ஆயிலோ எளிதில் அசைக்காது. இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து தகரத்துக்கான ஸ்ட்ரிப்பரை, அதாவது பெயின்ட் எடுக்கும் மருந்தை, கையில் எடுக்கிறார்கள். மெத்திலீன் குளோரைடு உள்ள ஸ்ட்ரிப்பர் டூகேயை ஊதவைக்கும், உண்மை. அதே நேரத்தில் ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் மூன்றையும் கரைக்கும். மூச்சுக்கும் ஆபத்தானது. பிளாஸ்டிக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக்குக்கு உகந்தது என்று டப்பாவில் எழுதிய ஸ்ட்ரிப்பர்கள் உண்டு. அந்த வரியை நம்பி முழுப் பாகத்திலும் பூசாதீர்கள். பிபிக்கு உகந்தது ஏபிஎஸ்ஸுக்கு உகந்ததாக இருக்க வேண்டியதில்லை. உட்பக்கத்தில் நகக்கண் அளவு தடவி, டப்பாவில் சொன்ன நேரத்தைப்போல இரண்டு மடங்கு விட்டு, துடைத்துவிட்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்த மருந்து இந்தப் பாகத்துக்கு இல்லை.

உண்மையில் டூகேக்கு நம்பகமான வழி எமரிதான். எடுக்க வேண்டியது கிளியர் (மேலே உள்ள நிறமற்ற பூச்சு), கலர் இரண்டையும். பிரைமர் தெரிந்ததும் பெரும்பாலான இடங்களில் நிறுத்திவிடலாம். 180 நம்பரில் தொடங்கலாம், ஆனால் அது பெயின்ட்டின் தடிமனுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். கலர் மறையத் தொடங்கியதும் 240, பிரைமர் வந்ததும் 320. வெறும் பிளாஸ்டிக்கை 320க்குக் கீழே எதுவும் தொடக்கூடாது. அதற்கும் கரகரப்பான கீறலை மூட மேலே போடும் பிரைமர் பத்தாது, சில வாரம் கழித்துக் கிளியருக்கு அடியில் கோடுகளாகத் தெரியும்.

பிரைமர் முடிந்து பிளாஸ்டிக் வந்துவிட்டதா என்று தூளைப் பார்த்துச் சொல்லலாம். பிரைமரின் தூள் வெளிர் சாம்பலாக, முகப்பவுடர் மாதிரி பறக்கும். பிபி பறக்காது, கருப்பாகச் சுருண்டு, பென்சில் அழிப்பான் துகள் போல எமரியிலேயே தொங்கும். அந்தச் சுருள் தெரிந்த நொடியில் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

பெயின்ட் கூழாகி, துடைக்கத் துடைக்கப் பரவிக் கறையாகிறது

இது லேக்கர். கரைகிறது என்பது நல்ல செய்தி. துடைக்கும் முறைதான் தவறு. ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் கரைந்த பெயின்ட்டைப் புது இடத்தில் பூசிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். சொரசொரப்பான பாகம் என்றால் குழிகளுக்குள் அதை நாமே நிரப்பியும் விடுகிறோம்.

ஏபிஎஸ் பாகம் என்றால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டுகளைப் பாகத்தின் மேல் போர்த்தி, மேலே பாலித்தீனால் சுற்றி, அரை மணிக்கு ஒரு தடவை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி எழுந்ததும் நைலான் பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி, காகிதத்தோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். இழுத்துத் தேய்ப்பது இல்லை, ஒற்றி எடுப்பது. ஒவ்வொரு ஒற்றலுக்கும் காகிதத்தின் புதுப் பக்கம். மிச்சத்துக்கு இன்னொரு சுற்று.

பிபி என்றால் அசிட்டோனோ லேக்கர் தின்னரோ துணியில் தொட்டுத் துடைக்கலாம். வேலை நிமிடங்களில் முடியும். அதற்காக ஊறப்போடக்கூடாது. தின்னரில் உள்ள டொலுவீன் பிபிக்குள், முக்கியமாக அதில் கலந்த ரப்பருக்குள், இறங்கி ஊதவைக்கும். மேலே ஒன்றும் தெரியாது, விளைவு பிறகு வரும். கடைசிப் பகுதியில் பாருங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கிளைகால் ஈதர் வகையான டாட் 3, டாட் 4 இரண்டும் லேக்கரையும் எனாமலையும் எழுப்பும், மெதுவாக. டாட் 5 சிலிக்கான் எண்ணெய். அது பெயின்ட்டை எடுக்காது, போதாததற்குப் பிறகு அடிக்கும் பெயின்ட்டில் மீன்கண் (வட்ட வட்டமான சிறு பள்ளங்கள்) கிளப்பும். டாட் 3யிலும் ஏபிஎஸ் பாகத்தை நாள்கணக்கில் ஊறவைத்தால் கிளிப்புகள் மொறுமொறுவென்று உடையும். ஆல்கஹாலால் ஆகாது என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டிய வழி இது, முதல் வழி அல்ல.

பிளாஸ்டிக்கே பிசுபிசுக்கிறது, விரல்ரேகை பதிகிறது

ஏபிஎஸ் மேல் அசிட்டோனோ லேக்கர் தின்னரோ பட்டுவிட்டது. இந்த நேரத்தில் கை துடிக்கும், துடைக்கச் சொல்லும். துடைக்கக்கூடாது. இப்போது மேற்பரப்பு ஒரு பசை. துணி பட்டால் நூலோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு வரும், அந்தக் குழியை நிரப்பப் பிறகு பட்டிதான் போட வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் உதவாது, வெளுத்துப்போகும்.

பாகத்தை எதிலும் முட்டாமல் தட்டையாக வைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். கரைப்பான் ஆவியாகிப் போனதும் பிளாஸ்டிக் மீண்டும் இறுகும். நகத்தால் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் கெடாத இடத்தின் கடினம் வந்த பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சமன் செய்யலாம். மெலிந்த விலா, கிளிப், திருகுத் துளை இருக்கும் இடத்தில் கரைப்பான் தேங்கியிருந்தால் அந்த இடம் பழைய பலத்துக்கு வராது. வெளியே தெரியாத பாகம் என்றாலும் அதை மாற்றுவதே மேல்.

மயிரிழை வெடிப்புகள், சிலந்திவலை போல

பெயின்ட்டிலா பிளாஸ்டிக்கிலா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் மட்டும் என்றால் ஓரிடத்தை 320ஆல் தேய்த்ததும் வெடிப்பு மறையும். பிளாஸ்டிக்கில் என்றால் தேய்க்கத் தேய்க்கத் தொடரும். பின்பக்கம் டார்ச் அடித்தால் சில நிறங்களில் கோடு மின்னும்.

பிளாஸ்டிக்கில் வரும் வெடிப்பு பெரும்பாலும் இரண்டு காரணங்கள் கூடியது. வார்க்கும்போதே உள்ளே சிக்கிய இழுவிசை ஒன்று. அதன் மேல் கரைப்பான். தனித்தனியே இரண்டும் பெரும்பாலும் வெடிப்பை உண்டாக்காது. அதனால்தான் வெடிப்பு நடுப்பரப்பில் வராமல் திருகுத் துளையைச் சுற்றியும், கிளிப்பின் அடியிலும், மூலைகளிலும் வருகிறது. பாகத்தை வண்டியில் மாட்டியபடியே, திருகுகள் முறுக்கியிருக்கும்போது மருந்து போடுவது இந்த இழுவிசையைக் கூட்டும். கழற்றி, வளையாமல் கிடத்தி வேலை செய்வதன் முதல் பயன் இதுதான். பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் இதில் மிக மோசம், ஏபிஎஸ் நடுத்தரம், பிபி அநேகமாக இந்த வம்புக்குப் போகாது.

வந்த வெடிப்பைப் பெயின்ட்டால் மூட முடியாது. பளு தாங்கும் பாகம் என்றால் மாற்ற வேண்டும். அலங்காரப் பாகம் என்றால் வெடிப்பை வி வடிவில் திறந்து, அந்தப் பிளாஸ்டிக்குக்கு உரிய இரு பாகப் பசையால் நிரப்பலாம்.

எமரி அடைத்துக்கொள்கிறது, உருகிய உருண்டைகள் இழுத்துக்கொண்டு போகின்றன

சூடு. தகரம் எமரியின் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் அப்படிப் பரப்பாது, உண்டான சூடு உண்டான இடத்திலேயே நிற்கும். லேக்கர் அதில் இளகி எமரியின் மணிகளுக்கு நடுவே இறங்கும். அடைத்த எமரி வெட்டுவதை நிறுத்தி உரசத் தொடங்கும், உரசினால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் சில விநாடிகளிலேயே பிளாஸ்டிக்கில் வாய்க்கால் விழும்.

ஆங்கிள் கிரைண்டரையும் கம்பி பிரஷ்ஷையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ஆர்பிட்டல் சாண்டர் சரி. வேகத்தை மிகக் குறைந்த மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள், பேடுக்கும் எமரிக்கும் நடுவே ஸ்பாஞ்சுத் தட்டு போடுங்கள், சாண்டரின் எடையைத் தவிரக் கையழுத்தம் வேண்டாம். ஓரிடத்தில் நிற்காமல், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதி மேல் ஏறும்படி ஓட்டுங்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பைத் தாண்டினால் அடுத்த பகுதிக்குப் போய்விட்டு வாருங்கள். பம்பரின் மடிப்புக் கோடுகள், சக்கர வளைவின் ஓரம், நம்பர் பிளேட் குழி இவற்றுக்கு சாண்டரே வேண்டாம். கையால், ஸ்பாஞ்சுக் கட்டையில். மடிப்பில்தான் பூச்சு மெலிந்திருக்கும், சாண்டர் அங்கே இரண்டே சுற்றில் பிளாஸ்டிக்குக்குப் போய்விடும்.

லேக்கர் என்று தெரிந்தால் காய்ந்த எமரியே வேண்டாம். வாளியில் தண்ணீரும் சில சொட்டு சோப்பும், 320 வாட்டர் பேப்பர். சூடும் வராது, தூளும் மூச்சுக்குப் போகாது. டூகேயைக் காய்ந்தபடி தேய்க்கும்போது தூசி உறிஞ்சியும் பி2 அல்லது என்95 முகமூடியும் கட்டாயம். மிகப் பழைய மஞ்சள், சிவப்பு பெயின்ட்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை ஈரத்தில் மட்டுமே தேயுங்கள்.

தேய்த்த இடத்தில் முடி முளைத்த மாதிரி

பிபியின் தனிக் குணம். வெட்டுப்படாமல் நீண்டு, மெல்லிய இழைகளாக எழுந்து நிற்கும். இதைப் போக்க இன்னும் தேய்ப்பவர்கள் இன்னும் முடி வளர்க்கிறார்கள். எமரி கரகரப்பாக இருந்ததும் சூடானதும்தான் காரணம்.

குளிர்ந்த தண்ணீரில் 500 நம்பர், ஒரே திசையில், புது எமரியால். இழைகள் அடங்கவில்லை என்றால் புது ரேசர் பிளேடைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, முகச்சவரம் செய்வதுபோல் இழுங்கள்; முடி மட்டும் வரும். பிறகு சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் ஒரு தடவை. அப்படியும் கொஞ்சம் மிஞ்சினால் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அட்ஹீஷன் புரமோட்டரும் வளையும் பிரைமரும் அடித்துக் காயவிடுங்கள். இழைகள் பிரைமரில் விறைத்து நிற்கும், இப்போது 400இல் தேய்த்தால் சுத்தமாக வெட்டுப்படும். விறைக்காத இழையை எந்த எமரியும் வெட்டாது.

ஹீட் கன் காட்டிய இடம் நெளிந்துவிட்டது

ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியில் இளகும். பிபி உருகுவது 160ஐ ஒட்டி என்றாலும், அதற்கு வெகு முன்பே தன் எடையால் தொங்கும். பெயின்ட் இளக 50 முதல் 60 டிகிரி போதும். பட்டறைகளில் புதுப் பெயின்ட்டைச் சூட்டில் உலர்த்துவதும் 60 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு மேல் ஏற்றி ஒரு லாபமும் இல்லை. குறைந்த சூட்டில், 20 சென்டிமீட்டர் தள்ளி, கையை நிறுத்தாமல் வீசுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பெயின்ட் பரப்பில் நம்பலாம். குரோம் பரப்பில் அது குறைத்துத்தான் காட்டும், நம்பி ஏமாறாதீர்கள்.

நெளிந்த பிபி பம்பர் மீளும். வார்த்த வடிவத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. நெளிந்த இடத்தைவிட இரண்டு மடங்கு பரப்பை முன்னும் பின்னும் மாறி மாறி 70–80 டிகிரிக்குச் சூடாக்கி, உட்பக்கமிருந்து கையுறையோடு தள்ளி, வடிவம் வந்ததும் ஈரத்துணியை அழுத்தி முழுதாகக் குளிரும்வரை பிடித்திருங்கள். பாதிச் சூட்டில் கையை எடுத்தால் மறுபடி நெளியும். பளபளத்து, குமிழ் விட்ட இடம் எரிந்தது, அது திரும்பாது.

சொரசொரப்பான கருப்பு ட்ரிம்மில் பெயின்ட் தூறல்

இங்கே எமரிக்கு வேலையே இல்லை. புள்ளி போகும், அதோடு வார்ப்பின் சொரசொரப்பும் போய் வழுவழுப்பான ஒரு திட்டு நிற்கும். அதைத் திரும்ப உண்டாக்க வழி இல்லை. பெரும்பாலும் இவை பிபி, ஆகவே கரைப்பான் நம் பக்கம். மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷை அசிட்டோனில் தொட்டு, உதறி, வட்டமாக ஐந்தாறு சுற்று; உடனே காகிதத்தால் ஒற்றல். சோதித்துப் பார்த்து பிபி என்று உறுதியான பிறகு மட்டும்.

எனாமல் தூறல் என்றால் காஸ்டிக் சோடா உள்ள ஓவன் கிளீனர் நுரை வேலை செய்யும். பிபியும் ஏபிஎஸ்ஸும் காரத்தைத் தாங்கும், பாலிகார்பனேட் தாங்காது. பத்து நிமிடம் விட்டு, பிரஷ் போட்டு, ஏராளமான தண்ணீரில் கழுவுங்கள். அலுமினியம் எதன் மேலும் படக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

குரோம் கிரில் மேல் யாரோ கருப்பு அடித்திருக்கிறார்கள்

அடியில் இருப்பது மின்முலாமா, ஆவியில் படியவைத்த மெல்லிய அலுமினியமா என்பதைப் பொறுத்தது எல்லாம். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (மின்சாரம் கடந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து, பெயின்ட் பெயர்ந்த இரண்டு புள்ளிகளைத் தொடுங்கள். பீப் என்றால் மின்முலாம். சத்தம் இல்லை என்றால் லேக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும் அலுமினியப் படலமாக இருக்கலாம். அதில் ஓவன் கிளீனர் பட்டால் பெயின்ட்டோடு பளபளப்பும் சேர்ந்து கழுவிக்கொண்டு போகும். அந்த வகையில் பெயின்ட்டை மட்டும் பிரித்தெடுப்பது அநேகமாக நடக்காது.

மின்முலாம் என்றால் உரிக்கும் ரப்பர் பூச்சா என்று நகத்தால் முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆல்கஹால் ஒற்றல் முறை. முலாம் கரைப்பானைத் தடுக்கும், ஆனால் பின்பக்கமும் வெட்டு ஓரங்களும் வெறும் ஏபிஎஸ், அங்கே வழியவிடக்கூடாது. எமரி, ஸ்காட்ச்பிரைட் இரண்டும் தொடவே கூடாது.

ஹெட்லைட்டில் தெறித்த பெயின்ட்

கரைப்பான் இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, கிளே பாரை (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) கையழுத்தமின்றி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். தூறல் அதில் ஒட்டி வந்துவிடும். பெரிய சொட்டை நகத்தால் தூக்குங்கள். ஹெட்லைட்டின் மேல் ஒரு கடினப் பூச்சு உண்டு. எமரி போட்டு அதை எடுத்துவிட்டால் 800, 1000, 1500, 2000, 3000 என்று ஏறி, கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் அடித்தே ஆக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மஞ்சளடிக்கும்.

எல்லாம் எடுத்தாயிற்று, புதுப் பெயின்ட்தான் பிடிக்கவில்லை

மீன்கண் விழுந்தால் சிலிக்கான். பழைய பாலிஷையும் ட்ரிம் பளபளப்பானையும் கழுவாமல் தேய்த்ததால் எமரி அதைக் கீறலுக்குள் ஏற்றிவிட்டது. கழுவுதல் தேய்ப்பதற்கு முன்னும் வேண்டும், பின்னும் வேண்டும்: முதலில் சோப்பும் வெந்நீரும், அடுத்து பிளாஸ்டிக் கிளீனர், கடைசியில் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி. கடைசித் துடைப்பு மெதுவாக இருக்கட்டும். காய்ந்த துணியால் பிபியை வேகமாகத் தேய்த்தால் மின்னூட்டம் ஏறி, அறையில் உள்ள தூசியெல்லாம் அதற்கே வரும். கரைப்பான் ஆவி சூழ்ந்திருக்கும்போது அந்த மின்னூட்டத்தால் எழும் பொறி தீயாகவும் மாறலாம்.

சுத்தமா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் தகரத்தில் சரி. சுத்தமான பிபியிலும் தண்ணீர் முத்து முத்தாகத்தான் நிற்கும், அதன் பரப்பே அப்படி. அதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து மறுபடி மறுபடி தின்னர் போடாதீர்கள்.

ஒரு வாரத்தில் குமிழோ, தாள் தாளாக உரிதலோ வந்தால் இரண்டில் ஒன்று. உள்ளே இறங்கிய கரைப்பான் இப்போதுதான் வெளியே வர வழி தேடுகிறது. அல்லது புரமோட்டர் விடுபட்டிருக்கிறது. முதலாவதற்கு, தின்னர் பட்ட பிபியை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் விட்ட பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். முகர்ந்தால் தின்னர் வாடை இருக்கக்கூடாது. இரண்டாவதற்கு, வெறும் பிபி தெரியும் ஒவ்வொரு இடத்திலும், 320ஆல் தேய்ந்து திறந்த சின்னத் திட்டு உட்பட, குளோரினேற்றிய பாலியோலிஃபின் வகைப் புரமோட்டரை மெல்லிய ஒரு கோட் அடியுங்கள். தடித்து வழியுமளவு அடித்தால் அதுவே நடுவில் உரியும் படலமாகிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடுத்த கோட் மேலே ஏறிவிட வேண்டும். மதியம் புரமோட்டர், மறுநாள் காலை பிரைமர் என்று போனால் மறுபடி ஸ்காட்ச்பிரைட் போட்டு முதலிலிருந்து.